ஊ சாம் ஊரின் கவிதையில் பௌத்தம் என்ன வேலை செய்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இதற்கு மேல் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கம்போடிய அமெரிக்கக் கவிஞர் ஊ சாம் ஊர், தம் இரட்டைக் குழந்தைகளைப் பறிகொடுத்தது பற்றி எழுதிய கவிதையை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். கடைசி அடியை ‘முக்தியின் ஒளிக்கு வழி காட்டுங்கள்’ என்று முடித்திருக்கிறீர்கள். முடித்த பிறகு ஏதோ உறுத்துகிறது. பிள்ளைகளைக் கொன்ற ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறிய ஒருவர் கவிதையைப் பௌத்தத்தில் கொண்டுபோய் முடிப்பது மன்னிப்பா, ஆறுதலா, இல்லை, புலம்பெயர்ந்தவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் அடையாள வில்லையா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தக் கவிதையில் மதம் என்ன வேலை செய்கிறது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஈமச் சடங்கின் வேலையைச் செய்கிறது. பௌத்தத் துறவியான பிக்கு ஓதியிருக்க வேண்டியதை, பிக்குகளே இல்லாத நாட்டில், தகப்பன் தன் வாயால் சொல்கிறான். இதை நான் எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் மொழிபெயர்ப்பு இலக்கியம் கற்பித்தவன் நான். நடுவில் இரண்டு ஆண்டுகள் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் ஆங்கில ஆசிரியனாக இருந்தேன். கம்போடிய மொழியான கெமரின் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பேன். அகராதி கையில் இருந்தால் ஒரு பத்தியைக் கடக்க ஒரு மாலைப்பொழுது ஆகும். அதனால் கவிதையைப் பற்றி நான் சொல்வது பெரும்பாலும் ஆங்கில வடிவத்தை வைத்து. சடங்கைப் பற்றிச் சொல்வது, கண்ணால் பார்த்ததையும் பௌத்த மறைமொழியான பாலியின் நூல்களில் உள்ளதையும் வைத்து.

முதலில் ஆள். ஊ என்பது குடும்பப் பெயர், கெமர் வழக்கப்படி முன்னால் வருகிறது. கடைசிச் சொல் தமிழில் எழுதும்போது ‘ஊர்’ என்று விழுவது வெறும் தற்செயல். அதில் பொருள் தேடிக் கட்டுரையைத் தொடங்கிவிடாதீர்கள். என் மாணவர்கள் இருவர் அப்படித்தான் தொடங்கினார்கள். 1936-இல், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், வியட்நாம் எல்லையை ஒட்டிய ஸ்வாய் ரியெங் மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1960-களில் அமெரிக்கா போனார். போனது தொழிற்கல்வி படிக்க. போய்ச் சேர்ந்த இடம் கவிதை. ஐயோவா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற எழுத்தாளர் பட்டறையில் 1968-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே கிடைத்த நண்பர்தான் கென் மெக்கல்லா என்ற அமெரிக்கக் கவிஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார். படித்து முடித்ததும் கம்போடியா திரும்பினார். அமெரிக்க ஆதரவு பெற்ற லோன் நோல் ஆட்சியில் ராணுவத்தில் இருந்தார். பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானார். அதாவது 1975 ஏப்ரல் 17-ஆம் தேதி கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை புனோம் பென்னுக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்தபோது, கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அவர் ஒரு முறை அல்ல, மூன்று முறை இடம்பெறத் தகுந்தவர்: படித்தவர், படைவீரர், அரசியல்வாதி.

எப்படிப் பிழைத்தார் என்பதற்குக் கெமர் மொழியிலேயே ஒரு சொலவடை இருக்கிறது. ‘இலவ மரம் நடு’ என்பார்கள். இலவ மரத்துக்கும் ஊமைக்கும் அந்த மொழியில் ஒரே ஒலி, ‘கோ’. இலவ மரம் நடுவது என்றால் வாயை மூடிக்கொண்டு ஊமையாக இருந்துவிடுவது. சாம் ஊர் ஊமையாக மட்டும் இருக்கவில்லை, எழுத்தறிவே இல்லாதவராக நடித்தார். பட்டச் சான்றும் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. மனைவியோடும் மகனோடும் ஆறு முகாம்களில் கட்டாய உழைப்பு. ஒரு கவிஞன் மூன்று ஆண்டு எட்டு மாதம் தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று காட்டிக்கொண்டிருந்தான் என்பதைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். தரையில் கிடக்கும் அச்சடித்த காகிதத்தின் மேல் கண் போகக் கூடாது. விரல் மணலில் கோடு இழுத்துவிடக் கூடாது. ஆட்சியை ‘அங்கார்’, அதாவது அமைப்பு, என்று சொல்வார்கள். அதற்கு அன்னாசிப் பழத்தைப் போல உடம்பெல்லாம் கண் என்பது அந்நாளில் எல்லோரும் அறிந்த பேச்சு.

இந்த இலவ மரத்துக்குப் பின்னால் ஒரு பௌத்த நூல் மரபும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கெமர் பௌத்தத்தைத் தியான வகுப்பாக எண்ணிவிடுவோம். ‘புத் தும்நியாய்’ என்று வழங்கும் புத்தர் வாக்குகள் பாலி நூல் தொகுதியில் உள்ளவை அல்ல. உள்ளூரில் ஓலையிலும் வாய்மொழியிலும் வளர்ந்தவை. ஒரு காலம் வரும், வீடுகள் இருக்கும் மனிதர் இருக்க மாட்டார், சாலைகள் இருக்கும் நடப்பவர் இருக்க மாட்டார், ரத்தம் யானையின் வயிறு வரை ஏறும் என்றெல்லாம் அவை சொல்கின்றன. செவிடும் ஊமையுமே பிழைக்கும் என்பதும் அந்த வாக்குகளில் உண்டு. ஏறத்தாழ இருபது லட்சம் பேர் இருந்த தலைநகரைச் சில நாட்களில் காலி செய்து வயலுக்கு விரட்டியபோது, கிழவர்கள் ‘சொன்னபடியே நடக்கிறது’ என்று சொன்னதாகத் தப்பி வந்தவர்களின் நினைவுக் குறிப்புகள் பலவற்றில் படிக்கலாம். சாம் ஊரின் பௌத்தம் இந்த மண்ணில் முளைத்தது. இதில் தீர்க்கதரிசனம் இருக்கிறது, ஆவிகள் இருக்கின்றன, சபதங்கள் இருக்கின்றன. அவருடைய முதல் தொகுப்பின் தலைப்பே ‘புனித சபதங்கள்’ என்று பொருள்படுவது.

1979-இல் கெமர் ரூஜ் ஆட்சி வீழ்ந்த பிறகு வியட்நாம் ஆதரவு அரசில் தொழில் துறையில் வேலை பார்த்தார். 1991-இல் அலுவலக மேசைக்குள் இருந்த ஒரு கவிதை, ஜனநாயகத்தைப் போற்றியது, அதிகாரிகள் கண்ணில் பட்டது, வேலை போயிற்று. 1992-இல் அமெரிக்கா திரும்பினார். அதற்கு உதவியவர்களில் முதன்மையானவர் நான் மேலே சொன்ன மெக்கல்லா. அவருடைய மொழிபெயர்ப்போடு கெமர் மூலமும் சேர்ந்த அந்த முதல் தொகுப்பு, இருமொழியில், 1998-இல் மினியாபொலிஸில் உள்ள காஃபி ஹவுஸ் பிரஸ் வெளியீடாக வந்தது. 2005-இல் தன்வரலாறு. அதன் தலைப்பு மூன்று வனாந்தரங்களைக் கடப்பது பற்றிப் பேசுகிறது: கொலையால் சாவு, நோயால் சாவு, பட்டினியால் சாவு.

இனி உங்கள் கவிதை. 1976 அக்டோபர், நிலா முழுதாக வளர்ந்த இரவு, எலும்பு வரை குளிர். மனைவிக்கு வலி எடுக்கிறது. ஆட்சியின் மருத்துவச்சிகள் வருகிறார்கள்; பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் அவர்கள் கையிலேயே கொல்லப்படுகின்றன. தகப்பன் இரண்டையும் எடுத்துக்கொண்டு மேகோங் கரைக்குப் போகிறான். நிலாவைப் பார்த்து ஓலமிடுகிறான். உங்களை உயிரோடு பார்க்கவே இல்லையே, விட்டுப் போகிறேன் மன்னித்துவிடுங்கள் என்று அந்தக் குழந்தைகளிடம் பேசுகிறான். கவிதையின் பெரும்பகுதி நடந்ததை நடந்தபடி சொல்கிறது. உவமைகள் குறைவு. கடைசி நான்கைந்து அடிகளில்தான் குரல் மாறுகிறது: உடலை இங்கே புதைத்தாலும், உங்கள் ஆவிகள் என்னை வழிநடத்தட்டும், அம்மாவைக் காக்கட்டும், இந்த வனாந்தரத்தைக் கடத்திக் கொண்டுபோய், பௌத்தம் போற்றும் மும்மணிக்கு வழி காட்டட்டும்.

ஓலம் வரைக்கும் நமக்குப் பழகியதுதான். இறந்தவரை ‘நீ’ என்று முன்னிலையில் அழைத்துப் பேசும் ஒப்பாரி எந்த மொழியிலும் இருக்கும். ஆனால் கெமர் ஈமச் சடங்கின் மையத்தில் இருப்பது ஒப்பாரி இல்லை. புனோம் பென்னில் நான் தங்கியிருந்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் வெள்ளைத் துணியில் வெட்டிய முதலைக் கொடி தொங்கியது. சாவு வீடு என்பதற்கு அதுதான் அடையாளம். பந்தல் தெருவையே அடைத்திருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், தாளம் இல்லாமல், ஒவ்வோர் அசையையும் இழுத்து இழுத்து, மூச்சு முடியும் இடத்தில் நடுங்கி நின்று பாடியது. நம் ஊரில் விருத்தம் பாடுவார்களே, அந்த நடை. அதற்குப் பெயர் ‘ஸ்மோத்’. புத்தர் பிறந்தது, இறந்தது, தாயின் அன்பு, உடல் அழிவது என்று பாடுபொருள் விரியும். கேட்டவர்கள் யாரும் கதறவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குமுன் பிக்குகள் வந்து பாலியில் ஓதினார்கள், உணவு அளிக்கப்பட்டது, நீர் வார்த்து அந்தப் புண்ணியம் இறந்தவருக்கு அனுப்பப்பட்டது. ஏழாம் நாள், நூறாம் நாள் என்று இது தொடரும்.

இந்த அனுப்புதல்தான் முக்கியம். கம்போடியர் பின்பற்றும் தேரவாத பௌத்தத்தில் உயிரோடிருப்பவர் இறந்தவருக்கு நேராகச் சோறு போட முடியாது. பிக்குச் சங்கத்துக்குக் கொடுக்கிறோம். சங்கம்தான் புண்ணியத்தின் விளைநிலம். விளைந்தது இறந்தவர் பேருக்குப் போகிறது. ‘இதம் மே ஞாதீனம் ஹோது’, இது என் உறவினருக்கு ஆகட்டும், என்ற பாலி அடி சொல்வது இதைத்தான். அந்த அடிக்கு மூலமான பாலிச் சூத்திரத்தில் இறந்த உறவினர் சுவர்களுக்கு வெளியே, தெருச் சந்திகளில், பழைய வீட்டின் வாசற்படியில் வந்து காத்து நிற்கிறார்கள். சரி, 1976 அக்டோபரில் அந்தத் தகப்பனிடம் என்ன இருந்தது? கொடுக்கச் சோறு இல்லை. வாங்கப் பிக்கு இல்லை. எல்லோரும் காவியைக் களைய வைக்கப்பட்டு வயலுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள், பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். பௌத்த மடங்களான விகாரைகள் தானியக் கிடங்கு, ஆயுதக் கிடங்கு, சிறை என்று மாறியிருந்தன. பாலம் அறுந்து கிடக்கிறது. புண்ணியம் அனுப்ப வழியற்றவன், சடங்கைத் தலைகீழாகத் திருப்புகிறான். பெயர்கூட வைக்கப்படாத இரண்டு பெண் குழந்தைகளிடம், நீங்கள் எங்களைக் கரையேற்றுங்கள் என்று கேட்கிறான். இந்தத் திருப்பத்தை ஆறுதல் என்று என்னால் படிக்க முடியவில்லை. சடங்கு தெரிந்த ஒருவன், எது கெட்டுப்போயிற்று என்று துல்லியமாக அறிந்து பேசும் பேச்சாகவே படிக்கிறேன்.

இங்கே ஓர் ஊகத்தையும் சேர்க்கிறேன்; ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்போடியாவில் புரட்டாசி மாதத் தேய்பிறைப் பதினைந்து நாட்கள் ‘பிச்சும் பென்’, முன்னோர் நாட்கள். ‘பென்’ என்பது நம் ‘பிண்டம்’தான். காலக்கணக்கும் நம் மகாளய பட்சத்தோடு ஒத்துப்போகும். விடியுமுன், இருட்டில், விகாரையைச் சுற்றி வந்து சோற்றுருண்டைகளை எறிவார்கள், ஊசிமுனை வாயுள்ள பசித்த ஆவிகள் வெளிச்சத்தில் வராது என்பதால். ஆவி தன் உறவினரைத் தேடி ஏழு விகாரைகள் வரை அலையுமாம். எங்கும் காணாவிட்டால் சபிக்குமாம். இந்த நாட்கள் முடிந்து பதினைந்தாம் நாள் வரும் பௌர்ணமியில் பிக்குகளின் மழைக்கால வாசம் முடிகிறது. கவிதையின் அக்டோபர் முழுநிலா ஏறத்தாழ அந்த நாள். கவிஞர் இதை எங்கும் சுட்டவில்லை. நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்து நான் கோப்பது. ஆனால் ஒரு கெமர் விவசாயியின் மகனுக்கு அக்டோபர் நிலாவைப் பார்த்ததும் இது நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்கும் என்றுதான் சொல்வேன்.

மன்னிப்பு பற்றிக் கேட்டீர்கள். அந்தத் தொகுப்பில் நான் மன்னிப்பைக் காணவில்லை. கோபம் இருக்கிறது, நாட்டை மீட்க வேண்டும் என்ற அரசியல் இருக்கிறது. சில கவிதைகள் மேடைப் பேச்சுக்குக் கிட்டத்தில் போய்விடுகின்றன, அவை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதுமில்லை. கெமர் பௌத்தம் என்றாலே மன்னிப்பு என்று மேற்கத்திய வாசகர்கள் எதிர்பார்க்க ஒரு காரணம் மகா கோசானந்தர் என்ற கம்போடியப் பிக்கு. தாய்லாந்து எல்லை முகாம்களில் அகதிகள் முன் நின்று, பகை பகையால் தணியாது என்ற, தம்மபதம் என்னும் பௌத்த நூலின் அடியை அவர் ஓத, மக்கள் அழுதுகொண்டே திரும்பச் சொன்னார்கள் என்ற காட்சி உலகப் புகழ் பெற்றது. 1992-இல் எல்லையிலிருந்து புனோம் பென் வரை தம்ம யாத்திரை என்ற அமைதி நடைப்பயணம் நடத்தியவரும் அவர்தான். பெரிய மனிதர், ஐயமில்லை. ஆனால் அவர் துறவி. இல்லறத்தான் ஒருவன் அந்த அடியைத் தொண்டைக்குள் இறக்க முடியாமல் நிற்பதும் அதே மதத்துக்குள் நிகழ்வதுதான். இன்னொரு முள்ளும் உண்டு: வினைப்பயன். நாட்டில் நான்கில் ஒருவர் அளவுக்கு, ஏறத்தாழ பதினேழு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பலரும் ஏற்கும் கணக்கு. அத்தனை பேரும் முன்வினையால் செத்தார்களா என்று எந்தக் கெமர் குடும்பத்திலும் ஒருவர் கேட்டிருப்பார். சாம் ஊர் இதற்கு விடை சொல்ல முயலவில்லை. நல்லவேளை என்றே நினைக்கிறேன்.

ஆங்கிலத்தை மட்டும் வைத்து மொழிபெயர்ப்பதால் நீங்கள் எதை இழக்கிறீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மேடையில் சாம் ஊர் கவிதையை வாசிக்க மாட்டார், கெமரில் பாடுவார். பிறகு மெக்கல்லா ஆங்கிலத்தில் வாசிப்பார். அப்படித்தான் இருவரும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போனார்கள். கெமர் யாப்புகளுக்குச் சமஸ்கிருதத்தில் பெயர்: காககதி, பிரம்மகீதி. காககதி என்றால் காக்கை நடை. நான்கு அசை கொண்ட ஏழு அடிகள், எதுகை அடிவிட்டு அடி தாவிப் போகும். (கெமர் எழுத்தே பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது என்பது உறுதியான செய்தி. அங்கோர்வாட்டைத் தமிழர் கட்டினார்கள் என்று சுற்றிவரும் செய்தி உறுதியற்றது மட்டுமல்ல, தவறு. அதைக் கட்டியவர்கள் கெமர் மக்கள், கட்டுவித்தவன் இரண்டாம் சூரியவர்மன்.) சாம் ஊர் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனைக் கெமரில் கொண்டுவர முயன்றவர் என்பதால், அவருடைய நீண்ட அடிகளுக்கும் அழைப்புகளுக்கும் விட்மன் காரணமா, ஸ்மோத் காரணமா என்று வாதிடலாம். ஆங்கிலத்தில் விட்மன் போலத்தான் கேட்கிறது. ஒருமுறை அவர் பாடிய பதிவைக் கேட்டபோது விட்மன் என் நினைவுக்கே வரவில்லை. கேட்பவனின் காதைப் பொறுத்தது என்பதற்கு மேல் இதில் தீர்ப்பு எழுத எனக்குத் தைரியமில்லை.

அடையாள வில்லை என்ற உங்கள் சந்தேகம் வேறு கவிஞர்களிடம் கேட்கத் தகுந்தது. இவரிடம் கேட்பது பொருந்தாது. இவர் 1992-இல் அமெரிக்கா வரும்போது வயது 56. ‘நான் யார்’ என்ற கேள்வி அவருக்கு இல்லை. இவர் நாடு கடந்தவர், திரும்பிப் போகும் நினைவோடு எழுதியவர். அமெரிக்கக் கவிதையில் பௌத்தம் ஏற்கெனவே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது: கேரி ஸ்னைடர், ஆலன் கின்ஸ்பர்க் என்று ஜென்னையும் திபெத்தையும் தேடிப் போய்த் தேர்ந்துகொண்டவர்கள். தேர்ந்துகொண்ட மதத்துக்கும் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு போன மதத்துக்கும் கவிதையில் வித்தியாசம் தெரியும். முன்னதில் மௌனமும் மூச்சும் மலையும் வரும். பின்னதில் சோற்றுப் பானை வரும்.

அடையாளம் கேள்வியாவது அடுத்த தலைமுறையில். 1975-க்கும் 1990-களின் நடுப்பகுதிக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கம்போடியர்கள் அமெரிக்காவில் குடியேறினார்கள். கலிபோர்னியாவில் லாங் பீச்சும் மாசசூசெட்ஸில் லோவலும் அவர்களுடைய ஊர்களாயின. குழந்தையாக வந்து சேர்ந்த கவிஞர் புன்கோங் துவோனின் 2015 தொகுப்புக்குப் பெயர் ‘கஞ்சி’. கெமர் ரூஜ் காலத்துப் பொதுச் சமையல் கூடத்தில் தண்ணீரில் சில பருக்கைகள் மிதக்கக் கொடுத்த அதே கஞ்சி. மே 18-இல் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடிப்பவர்களுக்கு அந்தத் தலைப்பை விளக்க வேண்டியிருக்காது. அவரிடம் மதம் பாட்டியின் உருவில்தான் வருகிறது. பென்சில்வேனியாவில் பிறந்த மோனிகா சோக்கின் பாட்டி எம் புன், 1990-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்ற பட்டு நெசவாளர். பேத்தியின் கவிதைகளில் தறி வரும் அளவுக்கு விகாரை வருவதாக எனக்குப் படவில்லை. கோசல் கியேவ் வேறு கதை. தாய்லாந்து முகாமில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா போய், சிறையில் கவிதை கற்று, 2011-இல் தான் பார்த்தே இராத கம்போடியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். மறு ஆண்டே லண்டன் கவிதை விழாவில் அந்த நாட்டின் பிரதிநிதியாக மேடை ஏறினார். இவர்களை எல்லாம் ‘கெமர் புலம்பெயர் கவிஞர்கள்’ என்று ஒரே பெட்டியில் போட்டு மூடினால், ‘பௌத்தம்’ என்ற சொல்லுக்கு அந்தப் பெட்டிக்குள் நான்கு பொருள் இருக்கும்.

கடைசியாக உங்கள் கடைசி அடி. ஆங்கிலத்தில் இருப்பது முக்தியும் அல்ல, பொதுவான ஒளியும் அல்ல, மும்மணி. புத்தர், தம்மம் என்ற அவர் போதனை, பிக்குச் சங்கம். தமிழில் இந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, மணிமேகலை படித்தவர்களுக்கு அந்நியமும் இல்லை. ‘முக்தி’ என்று போட்டால் அந்தத் தகப்பன் உலகத்தை விட்டு விலகப் பார்க்கிறவன் ஆகிவிடுகிறான். அவன் கேட்பதோ அதற்கு நேர்மாறு. மூன்று மணிகளில் மூன்றாவது, சங்கம், அந்த இரவில் அவன் நாட்டில் இல்லை. அது இருக்கும் இடத்துக்கு, அல்லது அது மறுபடி வரும் நாளுக்கு, தன்னையும் மனைவியையும் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறான். காலையில் ஒரு பிக்கு பாத்திரத்தோடு வாசலில் வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அவனால் ஒரு பிடி சோறு அனுப்ப முடியும். அதனால் ‘மும்மணிக்கு வழி காட்டுங்கள்’ என்று எழுதுங்கள். அடிக்குறிப்பு வேண்டுமானால் ஒரு வரி போதும்.